மூடுபனியில் மூன்று மைல்

பிறர் படுத்தெழுந்த மெத்தையில் படுக்கும் வழக்கம் எனக்கில்லை. ஓய்வு விடுதிகளின் படுக்கை விரிப்புகளைப் பற்றி என் கருத்தை முழுவதும் எழுதினால் இதை எவரும் அச்சிடமாட்டார்கள். மலைநாட்டைப் பார்க்கும் ஆசை அறுபத்திரண்டு வயதுவரை நிறைவேறாமற்போனதற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் என் கணவர். "அடுத்த வருசம் போவம்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிவந்தவர், ஆறு வருடங்களுக்கு முன் காலமானார்.

இந்த 1963ஆம் ஆண்டில் தடை நீங்கியது. என் தங்கை ஞானத்தின் மகன் கொழும்பில் எஞ்சினியர். பேக்கரிப் பாண் விற்ற பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை எல்லாம் பொருத்தித் தந்தான். அடுப்புச் சூடேறினால் பலகைகளிலிருந்து இன்னும் பாண் மணக்கிறது. மற்றப்படி அதில் ஒரு குறையும் இல்லை. நான் அப்படிச் சொன்னால் நம்பலாம்.

சாரதி கம்பளையைச் சேர்ந்த காசிம். ஐம்பது வயது, மலைப்பாதையில் பழகிய கை. நாட்சம்பளம் ஏழு ரூபா, சாப்பாடு எங்களுடையது. வருடப்பிறப்புக் கழிந்த புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு நானும் ஞானமும் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன் வழியாக மஸ்கெலியாவுக்குப் போய், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, விடியலைப் பார்ப்பது எங்கள் திட்டம். ஏறும் எண்ணம் இல்லை. முழங்காலுக்கும் ஒரு கருத்து உண்டு.

பேராதனையில் காலைச் சாப்பாடு. புசல்லாவை தாண்டியதும் தேயிலை தொடங்கியது. தொடங்கியது என்று எழுதுவது சுலபம். ஒரு மலையின் உச்சியிலிருந்து அடிவரை, அடுத்த மலையின் அடியிலிருந்து உச்சிவரை, சீப்பால் வாரியது போல ஒரே பச்சை. கன்னியாஸ்திரிகள் எங்களுக்குப் பூகோளம் படிப்பித்தபோது "தேயிலை மத்திய மலைநாட்டில் பயிராகிறது" என்று ஒரு வரியில் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். இறம்பொடையில் நீர்வீழ்ச்சியின் எதிரே நின்றபோது அந்த வரி போதாது என்று பட்டது. மலை தன் உடம்பைப் பிளந்துகொண்டு வெள்ளையாக விழுகிறது. சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சில் தட்டுகிறது. ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது எந்த நேரமும் இப்பிடித்தானோ விழும்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ராவைக்கு மூடி வச்சிருவாங்க" என்றார் காசிம்.

அவரை அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. காட்டிக்கொள்ளவில்லை.

நுவரெலியாவை மாலை ஐந்து மணிக்கு அடைந்தோம். ஏரிக்கரையில் இரண்டு இரவு. வண்டி நிறுத்த ஒருவரும் பணம் கேட்கவில்லை. பிளேன்டீ பத்துச் சதம். கடைவீதியில் கம்பளிச் சால்வை வாங்குவதானால் விலையைக் கேட்டுவிட்டு வெளியே இரண்டு அடி வையுங்கள், கூப்பிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் ஞானம் இருமினாள். சிறுவயதில் அவளுக்கு முட்டு இருந்தது. மூச்சிழுப்பை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பதினைந்து வயதில் விட்டது, பிறகு தலைகாட்டவேயில்லை. "குளிர்தான் அக்கா" என்றாள். நானும் குளிர்தான் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நானுஓயா வழியாக இறங்கினோம். புகையிரதத்தை அங்கே பார்த்துவிடுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு எஞ்சின்கள் மூச்சுவாங்க ஒரு வண்டியை மேலே தள்ளிக்கொண்டு வந்தன. புகை எது, முகில் எது என்று பிரிக்க முடியவில்லை. தலவாக்கலையில் அக்கரப்பத்தனைப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு தோட்டத்துத் துரைக்கு முன்கூட்டியே எழுதி, தொழிற்சாலைக்குப் பின்புறம் தங்க அனுமதி பெற்றிருந்தேன். தோட்டத்து வீதிகள் தோட்டத்துக்கே சொந்தம், அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். தோட்டத்தின் பெயரை எழுத அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

சனிக்கிழமை மேற்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் உயரமான பகுதிக்கு, வண்டியில் ஏறினோம். தொழிற்சாலையிலிருந்து மூன்று மைல். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. உச்சியில் வண்டி திருப்ப ஓரிடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் மலைகளுக்குப் பின்னால் மலைகள், அவற்றுக்குப் பின்னால் நீலமாக இன்னும் மலைகள். தூரத்துச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் குங்குமப் பொட்டுகளாகத் தெரிந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் பேசாமலே சாப்பிட்டோம். எங்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

மூன்று மணிக்கு ஒரு மழை பெய்து ஓய்ந்தது. அதன் பின்னால் மூடுபனி வந்தது. பள்ளத்திலிருந்து எழுந்து, தேயிலையை விழுங்கி, வீதியை விழுங்கி, வண்டியின் மூக்கையும் விழுங்கியது. அதே நேரம் ஞானத்தின் நெஞ்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. கட்டிலில் குந்தி, முன்னால் வளைந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள். உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. உதடுகளில் நீலம் பாரித்தது. மருந்துச்சாலை கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில்.

காசிம் வண்டியை நகர்த்தினார். விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். அணைத்தால் சாம்பல் சுவர். நூறு யார் தூரம் போவதற்குள் பின்சக்கரம் ஒன்று விளிம்பில் வழுக்கியது. நிறுத்திவிட்டார்.

"அம்மா, என்னை ஏசினாலும் சரி. ரோட்டுத் தெரியாம ஒரு அடி வைக்கமாட்டேன். மூணு பேரும் போயிருவோம்."

"அப்ப ஹோர்னை அடியும். ஆரும் வருவினம்."

அடித்தார். பனிக்குள்ளிருந்து கூடையோடு ஒரு பெண் முகம் வந்தது. கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோகிற வழியாம். பெயர் செல்லாயி. உள்ளே எட்டி ஞானத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி மேலே பார்த்துக் கூவினாள். "ஏய்! மாரிமுத்து மாமாவைத் தப்பை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு! ஓடியா!"

தப்பு என்றால் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பறை என்போம். பாடைக்கு முன்னால் போவது அது.

"பறை வேண்டாம்" என்றேன். "நாலு பேர் தூக்கிக்கொண்டு போகட்டும்."

"இந்தக் குளிர்ல தூக்கிட்டுப் போனா நெஞ்சு இன்னும் அடைச்சுக்குங்கம்மா. வண்டிக்குள்ளயே இருக்கட்டும்."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு முன்னால பறை அடிக்க விடமாட்டன்."

செல்லாயி என்னை ஒரு கணம் பார்த்தாள். "என்னங்கம்மா இப்புடிச் சொல்றீங்க? விடியக்காலம் வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு எங்களை எழுப்புறதே இந்தத் தப்புதான். தெனம் எழும்பி வேலைக்குப் போறோம், ஒருத்தரும் சாகலை. நீங்க உள்ள போயி அவங்க முதுகைத் தடவிக்கிட்டு இருங்க."

என்னிடம் எவரும் அப்படிப் பேசி அதிக காலம் ஆகியிருந்தது. போய் முதுகைத் தடவினேன்.

மாரிமுத்து கிழவர் வந்தார். தலையில் கறுப்புக் கம்பளி, இடுப்பில் தப்பு. காசிமிடம் சட்டென்று சொன்னார்: "நான் முன்னால நடக்குறேன். ஒத்தையா அடிச்சா நேரா வாங்க. சேத்து அடிச்சா வளைவு, வளைச்சு வாங்க. அடி நின்னுச்சுன்னா நிப்பாட்டிருங்க. என்னைப் பாக்காதீங்க, காதை மட்டும் குடுங்க." அவரோடு வந்த இரண்டு ஆண்கள் வண்டியின் இருபக்கமும் கைவைத்து நடந்தார்கள். செல்லாயியும் மற்றக் கொழுந்துப் பெண்களும் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

டம். டம். டம். வண்டி அசைந்தது.

ஞானம் தலையை உயர்த்தினாள். "அக்கா... பறை... எனக்கோ?"

"விசர்க் கதை கதையாதை. உனக்கெண்டால் இவ்வளவு மெதுவாவோ அடிப்பினம்? நீ அப்பாவின்ரை மகளெல்லே. உனக்கு மூண்டு கூட்டம் பறைமேளம் பிடிக்கவேணும்."

அவள் சிரிக்க முயன்றாள். மூச்சில்லை. என் கையை இறுக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் அடி நின்றது. காசிம் பிரேக்கை மிதித்தார். அந்த மௌனத்தில் தங்கையின் நெஞ்சு மட்டும் கேட்டது. ஒரு இழுவைக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்டுகொண்டே போன இடைவெளி கேட்டது. மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து வீதியில் கிடந்ததாம். ஆண்களும் பெண்களும் கையாலேயே அள்ளிப் பள்ளத்தில் எறிந்தார்கள். யாரோ, "கண்டாக்கு பாத்தா இதுக்கும் அரைப்பேர் போடுவாரு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அரைநாட் சம்பளத்தை வெட்டும் மேற்பார்வையாளரைப் பற்றிய பகிடி அது. அந்த நேரத்தில், அந்தக் குளிரில், முன்பின் தெரியாத ஒருத்திக்காக மண்ணள்ளிக்கொண்டு சிரித்த மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு மறுபடியும் டம் என்று கேட்டது. பரலோக மணியென்று அதைச் சொன்னாலும் எங்கள் பள்ளிக்கூட மதர் என்னை மன்னிப்பார்.

கீழே சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. தோட்டத்து மருந்தாளர் சாவகச்சேரிக்காரர். தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அட்றினலின் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் உதடுகளில் நிறம் திரும்பியது. "ஆனால் இஞ்சை வைச்சிருக்கேலாது, ரீச்சர்" என்றார். "இண்டைக்கு நான் பாத்துக்கொள்ளுறன். நாளைக்கு விடிய நேரே கீழ்நாட்டுக்கு இறக்குங்கோ. மஸ்கெலியாக் கதையே வேண்டாம்." நான் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை. ஆனால் மறுக்கவில்லை.

மறுநாள் வானம் கழுவியது போலிருந்தது. மருந்துச்சாலை வாசலில் நின்று மேலே பார்த்தேன். நாங்கள் இறங்கிய வீதி, செங்குத்தான பாறையில் ஒட்டிய ஒரு நூல். இங்கே நின்று அதை முன்பே பார்த்திருந்தால் நான் வண்டியில் ஏறியே இருக்கமாட்டேன். மாரிமுத்துவுக்குக் கொடுக்கப் பத்து ரூபா எடுத்துவைத்திருந்தேன். கொழுந்து மிகுந்த காலமாதலால் ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம், அவர் அதிகாலைப் பெரட்டுக்கு அடித்துவிட்டு மலைக்குப் போய்விட்டாராம். அந்த அடி எனக்கும் கேட்டது. எழுந்து உட்கார்ந்து கடைசி அடிவரை கேட்டேன்.

போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு உயரமான வீதிகளில் வண்டியை ஏற்றாதீர்கள். நெஞ்சுக் கோளாறு எப்போதோ இருந்தவர்கள், விட்டுப்போயிற்று என்று தாங்களே தீர்ப்பளிக்காமல் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் அது ஞாபகத்துக்கு வரும். தங்குமிடத்துக்கு அருகே மருந்துச்சாலை எங்கே என்பதை முதலில் விசாரியுங்கள், காட்சியைப் பிறகு பாருங்கள். படுக்கை விரிப்புகளை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

தலவாக்கலையிலிருந்து ஹற்றன் போகும் வழியில் இரண்டு நீர்வீழ்ச்சிகளை ஓடும் வண்டியிலிருந்தே பார்த்தோம். ஹற்றனைத் தாண்டியதும் காசிம் கையை நீட்டினார். தென்மேற்கே, எல்லா மலைகளுக்கும் மேலே, கூர்மையாகச் சிவனொளிபாதம் நின்றது. ஞானம் தலையணையில் சாய்ந்தபடியே கைகூப்பினாள். ஒரு வளைவில் அது மறைந்தது. கினிகத்தேனையில் கம்பளியை எடுத்துவிட்டாள். கித்துள்கலையில் காற்று வெதுவெதுப்பாக வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, யன்னலைத் திறந்து, முன்பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"காசிம், நீர் இந்த வளைவுகளை இப்பிடி வெட்டிக்கொண்டு ஓடினால் நான் வீட்டை போய் என்ரை மகனிட்டைச் சொல்லி உம்மடை ஒரு நாள் சம்பளத்தைக் கழிக்கப் பண்ணுவன், அக்கா பாவம் பாத்து விடுவா, நான் விடவே மாட்டன், விளங்குதோ?"

நடுவில் ஒரு தடவையேனும் அவள் மூச்சுக்கு நிற்கவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். காசிமும் கவனித்திருக்கிறார்.

"நல்லா ஏசுங்கம்மா" என்றார். "இன்னும் கொஞ்சம் ஏசுங்க."