பதினோராம் மணிக்காரி

என் தங்கை மாயக்காள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய வலது கால் சூம்பிப்போனது. இனி நடக்க மாட்டாள் என்றார்கள், நடந்தாள். யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். சின்ராசுவை அவளே பார்த்து, அவளே பேசி, கட்டிக்கொண்டாள். மலை வேலைக்கு ஆக மாட்டாள் என்றார்கள். இன்றைக்கும் ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். ஜீப்பில் அவளுக்கு இடம் கிடையாது என்றார்கள். மற்றவர்களுக்குச் சமமாக முழு முறை வாங்கினாள். இதில் எதுவும் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை. எங்கள் ஊர் சிலமலையில் சிலர் இன்னும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். தேதி நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் தேதி போட்டிருக்கிறேன். தெரியாத இடத்தில் போடவில்லை.

நான் அவளுக்கு நாலு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. தினமும் தூக்கிக்கொண்டு போக வீட்டில் ஆள் இல்லை. பொம்பளைப் பிள்ளை, அதுவும் கால் விளங்காதது, படித்து என்ன செய்யப்போகிறது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் விலக்கில், பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தில், விடியுமுன்னே ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்துக் கேரளத் தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகிற வண்டிகள். ஆள் சேர்க்கும் பாண்டியராஜன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிற்கிறவர்களை ஏற இறங்கப் பார்த்தபடி வருவார். மனதுக்குப் பிடித்தவளுடைய தூக்குவாளி மூடியில் சாவியால் ஒரு தட்டு. தட்டு விழுந்தவள் ஏறிக்கொள்ளலாம். வண்டி நிறைந்ததும் போதும் என்பதை மலையாளத்தில், "மதி, மதி" என்பார். அதோடு அன்றைய பிழைப்பு முடிந்தது.

தட்டு விழாதவர்கள் வீடு திரும்புவதற்கும் ஒரு வழக்கம் உண்டு. சோறு நிறைந்த வாளியோடு கடைத்தெரு வழியாக வரக்கூடாது. யாரும் சட்டம் போட்டதில்லை. வெட்கந்தான். வாளியை முந்தானையால் மூடிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகச் சுற்றி, பின்பக்கமாக வீடு சேர்வார்கள். மாயக்காள் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. காலை இழுத்து இழுத்து, நடுத்தெருவில், வாளி எல்லார் கண்ணிலும் படும்படி வருவாள். டீக்கடையில் யாராவது, "என்ன மாயக்கா, இன்னைக்கும் சோறு மலை ஏறலயா?" என்று கேட்பார்கள்.

"சோறு எனக்கு ஆக்குனது, மலைக்கு ஆக்கல" என்பாள்.

வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டாள். வெங்காயக் காட்டில் களை எடுப்பது, புளி உடைப்பது, எது கிடைத்தாலும் போவாள். மறுநாள் விடியுமுன் திரும்பவும் விலக்கில் நிற்பாள். மலையில் ஆள் ரொம்பக் குறைந்த நாளில் என்றைக்காவது அவள் வாளியிலும் ஒரு தட்டு விழும். ஏலச் செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். சரிவில் ஏறும்போது அவள் கடைசி ஆளாக வருவாள். தூரில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் பிந்த மாட்டாள். கூட வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாண்டியராஜன் பார்த்ததெல்லாம் காலைத்தான்.

2022 ஜூனில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஒரு ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வண்டியில் எஸ்தர் இருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். அவருடைய அப்பா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். எஸ்தர் எதையும் லேசில் விடுகிற ஆள் இல்லை. இனிமேல் சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றக்கூடாது, சாவியால் தட்டி ஆள் எடுக்கக்கூடாது, எல்லாரும் முறை வைத்துத்தான் போவோம் என்று சொல்லி, பெண்களைத் திரட்டி, ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் விலக்கு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று காலையிலும் மாயக்காள் வழக்கம்போல் விலக்கில் நின்றுகொண்டிருந்தாள். இவர்கள் உட்கார்ந்ததும் தானும் உட்காரப் போனாள். எஸ்தர்தான் தடுத்தார்.

"நீ எதுக்குத்தா? இது ஜீப்புல போறவுக சோலி. அந்தக் கால வச்சுக்கிட்டு ரோட்டுல ஒக்காராத. வீட்டுக்குப் போ."

அக்கறையாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாயக்காள் திரும்பி வந்தாள். வாளி நிறைந்தபடி, நடுத்தெருவில்.

காய் பழுக்கிற காலம். தோட்டத்துக்காரர்களால் காத்திருக்க முடியாது. மத்தியானத்துக்குள் பாண்டியராஜன் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். யார் யாருக்கு எந்தெந்த நாள் என்று முறை எழுதும் வேலை எஸ்தரிடம் வந்தது. மாயக்காளும், அவளைப்போல விலக்கில் விடுபட்டு நிற்கிற இன்னும் மூன்று பேரும் போய்த் தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள்.

"வெயில்ல காஞ்சது நாங்க. பதினோராம் மணிக்கு வந்து பங்கு கேக்குறிகளே" என்றார் எஸ்தர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க மாயக்காளுக்குப் பதினோராம் மணிக்காரி என்று பேராகிவிட்டது.

நேராக என் மிஷினுக்கு வந்தாள். "யக்கா, பதினோராம் மணின்னா என்னா? நான் மூணு மணிக்கே எந்திரிக்கிறவ."

கடைசி நேரத்தில் வந்து நிற்கிறவர்களை அப்படிச் சொல்வார்கள், வேதத்தில் உள்ள ஒரு கதையிலிருந்து வந்த பேச்சு என்று சொன்னேன். அந்தக் கதையைச் சொல் என்றாள். எனக்கு முழுதாகத் தெரியாது. போடி பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த சின்ன வேதப் புத்தகம் ஒன்று மிஷின் டிராயரில் கிடந்தது. தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். அதற்குப் பிறகும் சில தடவை போய்ப் பிடிக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணிக்குப் போகிறார். அந்த நாட்டில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். நம் கணக்கில் அது சாயங்காலம் ஐந்து. (இதை அப்புறம் எஸ்தரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.) அப்போதும் அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் பகலெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகிறார். இருட்டியதும் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

"கூலிய விடு. நிக்கிறாகள்ல, அந்த எடத்த இன்னொருக்க வாசி" என்றாள் மாயக்காள்.

வாசித்தேன்.

"அஞ்சு மணி வரைக்குமா நின்னாக?"

"ஆமா."

"எடையில வீட்டுக்குப் போகலயா?"

"போனதா எழுதல."

துணித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்து முறுக்கினாள். "அப்ப அவுக பிந்தி வந்தவுக இல்லயே யக்கா" என்றாள்.

அந்தக் கதையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் வந்தவனுக்கும் கருணை காட்டினார் என்பார்கள். என் தங்கைக்கு அது கருணைக் கதையாகப் படவில்லை. வேலை செய்தவனுக்கு உடம்பு வலிக்கும், ஆனால் இன்றைக்குச் சோறு உண்டு என்கிற தைரியம் காலையிலேயே வந்துவிடும். நிற்கிறவனுக்கு அந்தத் தைரியம் கடைசிவரை வராது. அப்படியும் போகாமல் நின்றானே, அவனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பதினோராம் மணி என்பது அவன் வந்து சேர்ந்த நேரம் இல்லை. அவனை மற்றவர்கள் கண்ணெடுத்துப் பார்த்த நேரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கலையரங்கத்தில் ஜீப்பில் போகிற பெண்களின் கூட்டம். நானும் போயிருந்தேன். மாயக்காள் மேடைப் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எஸ்தரக்கா, நீங்க சொன்ன கதைய வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவுக பிந்தி வரல. வெள்ளனத்துல இருந்து அங்கனதான் நின்னாக. கூப்புடத்தான் ஆளில்ல. நானும் இந்த வெலக்குல நின்னவதான். மறியலன்னைக்கும் நின்னேன். ஒக்காரவும் வந்தேன். போன்னு சொன்னது நீங்க. அனுப்பிவிட்டுட்டு, ஏன் வரலன்னு கேட்டா எப்பிடி?"

யாரும் சிரிக்கவில்லை. சூர்யகலா என்பவள், எங்களுக்கு மதினி முறை, சமாதானம் செய்யப் பார்த்தாள். "சரித்தா, வாரத்துக்கு ஒருநா வச்சுக்க. எங்களுக்கு மூணுநா. உன் காலுக்கு ஒருநாளே சாஸ்தி."

"கொறச்சு வேணாம் மதினி. குடுத்தா உங்களுக்கு உள்ளத எனக்கும் குடுங்க. இல்லன்னா நாளைக்கும் வெலக்குல வந்து நிப்பேன். தெனமும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நீங்க வண்டி ஏறணும்."

எல்லாரும் எஸ்தரைப் பார்த்தார்கள். அவர், "எங்கப்பா கோயில்ல இந்தக் கதைய வாசிக்கிறப்பல்லாம் நான் காலையில வந்தவுக பக்கந்தான் நிப்பேன். அவுக கேக்குறது ஞாயம்னுதான் தோணும். நின்னவுகள நான் ஏறெடுத்துப் பாத்ததே இல்ல" என்றார். அப்புறம் சூர்யகலாவின் பக்கம் திரும்பாமலே, "நாலு பேருக்கும் முழு முற" என்று முடித்துவிட்டார்.

எஸ்தருக்கும் மாயக்காளுக்கும் இன்றைக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. அதனால் ஒன்றும் குறையவில்லை. முறை ஒரு நாளும் தப்பியதில்லை.

பாண்டியராஜன் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று அதே கூட்டத்தில் முறையில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட ஏற்பாடு. தெரியாதவர்களுக்கு மை டப்பா. மாயக்காளிடம் அதை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைநாட்டு வைக்க மாட்டேன். தூங்கிக்கிட்டு இருந்தாக்கூட வெரலப் பிடிச்சு வச்சுக்கிருவாக."

"போடாம வண்டி ஏற முடியாதுடி" என்றாள் சூர்யகலா.

"அடுத்த ஞாயித்துக்கெழம போடுறேன்."

"அதுவரைக்கும்?"

"நின்னு பழக்கந்தான்."

அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, தையல் சாக்பீஸால் வெட்டுத்துணியில் எழுதிப் பழகினாள். ஐந்தே எழுத்து. முதல் நான்கும் சீக்கிரம் வந்துவிட்டன. கடைசி எழுத்தின் சுழிதான் படிய மறுத்தது. எழுதிய துணியை உதறுவாள், திரும்ப எழுதுவாள். சுமாராக இருக்கிறது, போதும் என்று சொன்னதற்கு என்னோடு சண்டைக்கு வந்தாள். அவளுடைய முறை வந்த நாட்களில் ஜீப்பு அவள் இல்லாமல்தான் போனது. அந்த இடத்தில் எஸ்தர் தன் வாளியை வைத்துக்கொண்டு, வேறு யாரையும் உட்கார விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலையரங்கத்தில் பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட முடியாமல், ஒரு காலை நீட்டி உட்கார்ந்தாள். என்னைத் தாளைப் பிடிக்க விடவில்லை. அவளே இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் கோட்டுக்கு மேலே போகாமல் எழுதினாள். பக்கத்தில் தேதியும் வேண்டும் என்றார் எஸ்தர். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண்கள் அவளுக்கு எப்போதோ பழகியிருந்தன. யாரையும் கேட்காமல் போட்டாள்: 17.7.2022.