டீச்சர் போனால்தான் முட்டை

"கள ஆய்வாளர், பள்ளி மதிய உணவு: வட்டார உணவு வகைகள் அனைத்தையும் சுவைத்து அறிந்தவர். உணவின் நிறைகுறைகளைத் தயக்கமின்றிப் பேசவும் பிறரைப் பேச வைக்கவும் வல்லவர். தம் வருகையால் பள்ளியின் வழக்கத்தில் எவ்வித மாற்றமும் நேராதபடி நடந்துகொள்பவர்."

மன்னார்புரத்தில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் அடையாள அட்டையில், பின்பக்கம் இப்படி அச்சிட்டிருந்தது. முன்பக்கம் ஸ்ரீரங்கம் வேதவதி ரகுராமின் புகைப்படம். ஒரே அட்டையின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள முடியாது என்பது அந்த நிறுவனத்தின் அதிர்ஷ்டம்.

ஐம்பத்தாறு வயதுவரை வேதவதி எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லக்கூடாத வீட்டில் பிறந்து, அதைவிடச் சொல்லக்கூடாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் அகத்தில் தளிகை ஆனதும் முதலில் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ண வேண்டும். அதற்கு முன்னால் நாக்கில் விட்டு உப்புப் பார்ப்பது அபசாரம். கண்டருளப் பண்ணிவிட்டாலோ அது பிரசாதம். பிரசாதத்தில் உப்பு போதவில்லை என்பது அதைவிட அபசாரம். ஆக, உப்பைப் பற்றி வாய் திறப்பதற்கு உகந்த வேளை என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. கணவர் ரகுராம் கல்யாணமான நாளிலிருந்து தன் அபிப்பிராயத்தை ஊறுகாய் ஜாடியின் மூலமாகத்தான் தெரிவித்துவந்தார். ஜாடி அவர் பக்கம் நகர்ந்தால் சாத்தமுதில் ஏதோ குறைகிறது. நகராவிட்டால் பரம திருப்தி.

வெங்காயமும் பூண்டும் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வீட்டில் உள்ளவர்கள் வாசலைத் தாண்டி வெளியே போவதற்குத் தடையில்லை. காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தில்லைநகர் ஓட்டல் ஒன்றில் ரகுராம் அவ்வப்போது வெங்காய ரவா தோசை சாப்பிடுவார். எதிரில் உட்கார்ந்து வேதவதியும் அதையேதான் சாப்பிடுவாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இது யாருக்கும் தெரியாது. கோயிலில் பிரபந்தம் சேவித்து ஓய்ந்த மாமனாருக்குத் தொண்ணூறு நெருங்கும் காலத்தில் தெரிவிக்கவேண்டிய செய்தியும் அல்ல இது என்பதில் தம்பதி ஒருமனதாக இருந்தார்கள்.

இப்படிப்பட்டவளைச் சாப்பாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்கும் வேலைக்கு இழுத்துவிட்டவன் கோபு. வேதவதி குடியிருக்கும் உத்தர வீதிப் பையன்; நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர். வேதவதி நடத்திவந்த மழலையர் பள்ளியில் அ, ஆ எழுதினவன். அந்தப் பள்ளியை மூடின பிறகு வேதவதி பகலெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் பித்தளைப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் அவளிடம் எதையும் ஒளிக்காது என்பது கோபுவுக்குச் சொந்த அனுபவம். மற்ற தகுதிகளை அவன் சரிபார்க்கவில்லை.

வேலை எளிது. மாவட்டத்தின் சின்னச் சின்னப் பள்ளிகள் சிலவற்றில் மதியச் சாப்பாட்டை அந்த நிறுவனம்தான் நடத்திவந்தது. ஆய்வாளர் அங்கே போய், சாப்பிட்டு முடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுக்க வேண்டும். தாளில் மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். பிடித்த முகத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லி, ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த முகங்களுக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. மணப்பாறையில் பெரிய சமையல் கூடம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளியில் அழுகிற முகம் அதிகமோ அந்தப் பள்ளி அடுப்பை அணைத்துவிட்டு, வேனில் சாப்பாடு அனுப்புவதாகத் திட்டம். அடுப்போடு அதன் முன்னால் நிற்கிறவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடுப்பின் முன்னால் நிற்கிறவர்களில் ஒருத்தி மலர்க்கொடி. மருங்காபுரிக்கு அந்தப் பக்கம் மழையை நம்பிக் கடலை போடுகிற ஊரில், ஓர் ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும் உள்ள பள்ளிக்குச் சமைப்பவள். மழை அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது அபூர்வம் என்பதால், வீட்டில் உலை வைப்பது பள்ளிக்கூடத்து உலையை நம்பித்தான். பிள்ளைகளில் பாதிக்கு அவள் ஏதோ ஒரு வகையில் அத்தை. மீதிப் பாதியும் அத்தை என்றே கூப்பிட்டன.

வேதவதி மணப்பாறையில் பஸ் மாறி அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று தயிர்சாதமும் நாரத்தங்காயும் டப்பாவில் எடுத்துப் போயிருந்தாள். தலைமையாசிரியர் அழகிரி நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். வாளி வந்தது. சாம்பார் சாதம். பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு வேதவதியைப் பார்த்தார்கள். சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். பாதிச் சோறு தட்டிலேயே நின்றது. அன்று அந்தப் பள்ளிக் காக்கைகளுக்குத்தான் விருந்து.

தாள்கள் வந்தபோது வகுப்பே அழுதுகொண்டிருந்தது. அழுகிற முகத்துக்குச் சிவப்பு, நீலம், பச்சை என்று கைக்குக் கிடைத்த வண்ணத்தையெல்லாம் பூசியிருந்தார்கள். ஒரு பெண் இது காய்ச்சல் வந்தால் கொடுக்கிற சாம்பார் என்று தெளிவாகச் சொன்னாள். ரஞ்சித் என்ற பையன் மட்டும் மூன்று முகங்களுக்கும் வண்ணம் தீட்டியிருந்தான்.

"ஒண்ணுதாம்ப்பா போடணும்."

"இல்ல டீச்சர். மொதல்ல அழுதேன். அப்புறம் சும்மா இருந்தேன். கை கழுவுனதும் சிரிச்சேன்."

வேதவதி அதையும் எழுதிக்கொண்டாள். பேச வைக்கும் திறன் குறித்து அட்டையில் எழுதியிருந்தது உண்மையாகிவிட்டதே என்று அவளுக்கு லேசான பெருமிதம்கூட. வராந்தாவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். மூன்றாம் வகுப்பு விஜயராணி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டப்பா காலியாகும் வேகத்தை அவள் கவனிப்பதுபோல் இருந்தது.

"டீச்சர், நீங்க எப்பப் போவீங்க?"

"ஏம்மா, நான் போகணுமா?"

"போகணும்னு இல்ல டீச்சர்." விஜயராணி மரியாதை தெரிந்த பெண். "நீங்க போனாத்தான் முட்டை தருவாங்களாம்."

வேதவதி டப்பாவை மூடினாள். கை கழுவிக்கொண்டு நேரே சமையலறை வாசலுக்குப் போனாள். மூலையில் ஒரு பெரிய குண்டான், மேலே ஈரத்துணி போட்டு மூடி, அதன்மேல் ஒரு தாம்பாளத்தையும் கவிழ்த்து வைத்திருந்தது. அவ்வளவு பந்தோபஸ்து சாதாரணச் சோற்றுக்குச் செய்ய மாட்டார்கள்.

மலர்க்கொடி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வருகிறார்கள், கோயிலைச் சேர்ந்த குடும்பம், பார்த்துச் செய் என்று அழகிரி சார் முந்தின நாளே சொல்லிவிட்டார். மலர்க்கொடி பார்த்துத்தான் செய்தாள். விடிவதற்கு முன்பே வந்து பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பாரில் வெங்காயம் போடவில்லை, பூண்டு போடவில்லை, மசாலாவும் போடவில்லை. வியாழக்கிழமை போடவேண்டிய வெங்காயத் தொக்கு முட்டையைக் கண்ணில் படாமல் மூடிவைத்துவிட்டு, டீச்சர் பஸ் ஏறினதும் தருவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் போவீங்கன்னு நெனச்சேங்க. எங்க ஊரு சோத்தை ஸ்ரீரங்கத்துக்காரவங்க சாப்பிட்டாங்கன்னு இருக்கட்டுமேன்னு. நீங்க டப்பா கொண்டாந்தது எனக்குத் தெரியாதுங்களே."

மலர்க்கொடி வருத்தமாகச் சொல்லவில்லை. விருந்தாளி பசியோடு இல்லையே என்ற நிம்மதிதான் குரலில் இருந்தது. பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"புள்ளைங்க என்னங்க சொன்னுச்சுங்க?"

வேனைப் பற்றி அவளுக்கும் தெரியும் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. தாள்கள் வேதவதியின் பையில் இருந்தன. சின்னப் பசங்கதானே, ஏதோ கலர் அடிச்சிருக்கா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். வெங்காயம் நானும் சாப்பிடுவேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறோம் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. பஸ் கிளம்பியபோது பள்ளிக்குள்ளிருந்து ஒரு பெரிய கூச்சல் கேட்டது. குண்டானைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் மன்னார்புரம் அலுவலகத்தில் கோபு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினான். மருங்காபுரிப் பக்கத்துப் பள்ளி பட்டியலின் கடைசிக்குப் போயிற்று. வேன் போகவேண்டிய முதல் இடம் அதுதான் என்று கணினி சொல்லிற்று. வேதவதி நடந்ததைச் சொன்னாள். கோபு சிரித்தான், பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"மாமி, கொழந்தைகள் பொய் சொல்லாதுன்னு நீங்கோதானே சொல்வேள்?"

"பொய் சொல்லலைடா. சாப்பிட்டதைத்தான் சொல்லித்து. நான் வந்ததாலே சமைச்சதே மாறிப்போச்சு. மத்த நாள்லே அவ என்ன போடறாளோ அதை நான் கேக்கவே இல்லை."

ஒரு பள்ளிக்கு ஒரு முறைதான் போகலாம் என்பது விதி என்றான் கோபு. மறுமுறை போக வேண்டுமானால், முதல் ஆய்வு கெட்டதற்கு ஆய்வாளரே காரணம் என்று அவர் கைப்பட எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தந்தவரை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவதில்லை. தவிரவும், என்ன காரணம் என்று விவரமாக எழுத வேண்டும். அதை டெல்லியிலிருந்து வரும் அதிகாரியும் படிப்பார், இங்கே தட்டச்சு செய்கிற ஹம்ஸாவும் படிப்பாள். ஹம்ஸா வேதவதியின் நாத்தனார் மகள். ஹம்ஸா படித்தால் உத்தர வீதி படித்த மாதிரி.

"பேசாம விட்டுடுங்கோ மாமி. வேன் சாப்பாடும் நன்னாத்தான் இருக்கும்."

"இருக்கும். அதை யார் வேண்டாம்னா? ஆனா அவ அடுப்பு என்னாலே அணையப்படாது."

இந்த வேலை வேதவதிக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஜன்னலோர இருக்கை, மணப்பாறையில் பஸ் நின்றதும் முறுக்குப் பொட்டலத்தோடு ஓடிவருகிற வியாபாரிகள், ஒவ்வொரு ஊரிலும் அவளை டீச்சர் என்று கூப்பிடப் புதிதாக ஒரு கூட்டம். பித்தளைப் பாத்திரங்கள் போதுமான அளவு பளபளப்பாகிவிட்ட வீட்டுக்குத் திரும்புவதில் அவளுக்கு அவசரமில்லை. வார இறுதி முழுக்க யோசித்தாள். ரகுராமிடம் மட்டும் சொன்னாள். ஊறுகாய் ஜாடி நகரவில்லை. வேதவதி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அழகிரிக்குப் போன் செய்து, மலர்க்கொடியிடம் கொடுக்கச் சொன்னாள். பஸ்களின் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"நாளைக்கு மறுபடி வரேம்மா. டப்பா கொண்டு வரலை, உங்ககிட்டத்தான் சாப்பாடு. வழக்கமா என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க. எனக்கு வெங்காயம் ஆகும். பூண்டும் ஆகும். முட்டை எனக்கு வேண்டாம். பசங்களுக்கு என் எதிர்லயே போடுங்க."

பக்கத்தில் நின்ற நாமக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தெரிந்தவரா என்று வேதவதி பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மலர்க்கொடி அரை நம்பிக்கையோடுதான் சமைத்தாள். சோதித்துப் பார்க்கிறார்களோ, சாமி காரியத்தில் வம்பு எதற்கு என்று அவளுக்குள் ஓடியது முகத்தில் தெரிந்தது. ஒரு நாற்காலி போட்டு, அதற்கு எதிரே ஒரு ஸ்டூலும் தலைவாழை இலையும் தயாராக வைத்திருந்தாள். வேதவதி அதைத் தாண்டிப் போய், பிள்ளைகள் வரிசையில் விஜயராணிக்கும் ரஞ்சித்துக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் ஒன்று ஆட்சேபித்தது. மடித்துவிட்டாள்.

சாம்பார் சாதத்தில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. முட்டை வாளி அவளைத் தாண்டி ஆடி ஆடிப் போயிற்று. மலர்க்கொடி கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்று, அவள் முதல் வாயை விழுங்கும் வரை மூச்சு விடவில்லை.

"உப்பு எப்படிங்க?"

யாரும் வேதவதியிடம் கேட்காத கேள்வி. அவளும் யாருக்கும் பதில் சொல்லிப் பழகாத கேள்வி. வேதவதி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு கல்லு கூட."

"ஆமாங்க," என்றாள் மலர்க்கொடி உடனே. "பயத்துல ரெண்டு தடவை போட்டுட்டேன்." வரிசை முழுக்கச் சிரித்தது. ரஞ்சித் வாயிலிருந்த முட்டையோடு சிரித்துப் புரையேறிக்கொண்டான்.

தாள்கள் வந்தன. எல்லாமே சிரிக்கவில்லை. கத்திரிக்காய்க்கு எதிராக ஒரு வகுப்பே அணி திரண்டிருந்தது. உப்புக்கும் இரண்டு முகங்கள் அழுதன. வீட்ல மட்டும் என்னத்தத் திங்கிறீங்களாம் என்று மலர்க்கொடி பிள்ளைகளைக் கேட்டாள். வேதவதி கத்திரிக்காயையும் விடாமல் எழுதிக்கொண்டாள். பட்டியலில் அந்தப் பள்ளி நடுவில் எங்கோ போய் உட்கார்ந்தது. நடுவில் உள்ள பள்ளிகளுக்கு வேன் போவதில்லை.

வேதவதி எழுதித் தந்த காரணத்தை ஹம்ஸா தட்டச்சு செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உத்தர வீதிக்குத் தெரிந்துவிட்டது. மாமனார் மட்டும், வெளியே போகிற இடத்தில் கிடைத்ததைச் சாப்பிட வேண்டியதுதானே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு விஷ்ணு சகஸ்ரநாமத்துக்குத் திரும்பிவிட்டார். இத்தனை வருஷத் தில்லைநகர் ரகசியம் வீணாகப் போனதில் ரகுராமுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அடுத்த சுற்றுக்கு வேதவதியைக் கூப்பிடவில்லை. மலர்க்கொடி இன்னும் அதே அடுப்பில் சமைக்கிறாள், கத்திரிக்காயும் போடுகிறாள்.

வேதவதி ரகுராம் செய்தது இதுதான்: தான் வந்ததால் சமையல் மாறிப்போனது, ஆகவே முதல் முறை எடுத்த கருத்துகள் செல்லாது என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள், மறுபடியும் பஸ் ஏறிப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டாள், அதன் பிறகு எப்படி இருந்தது என்று கேட்டாள்.