மனோரஞ்சிதத்துக்கு மீன் தண்ணீர்

வாசனை இல்லாத பூவை நான் பூவென்றே சேர்ப்பதில்லை. எங்கள் மொட்டை மாடியில் கனகாம்பரத்துக்கு இடம் கிடையாது. பக்கத்து வீட்டம்மா தொட்டி தொட்டியாக வைத்திருக்கிறார், அது அவர் பாடு. திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டிய வீடு. மாடியில் இருப்பதே கையகல இடம். அதை மணக்காத செடிக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

பெயிண்ட் வாளியில் முல்லை, மீன் ஏற்றி வந்த தெர்மாகோல் பெட்டியில் மரிக்கொழுந்து, உடைந்த தண்ணீர்த் தொட்டியில் பன்னீர் ரோஜா. காலையில் மாடிக்குப் போனதும் முதல் வேலை, ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பது. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்த நாளில் துணி கறுத்துவிடும். கடல் காற்றென்றால் உப்பு. முப்பது வருஷமாக லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவன் நான். எதிலிருந்து எது வரும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரியிலும் உப்பிலும் நின்றுகொண்டு முல்லைக்கொடி அந்த வாசனையை எங்கிருந்து எடுக்கிறது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. தினமும் மலைத்துப்போய்த்தான் நிற்கிறேன்.

என் மனைவிக்கு இந்த மலைப்பெல்லாம் கிடையாது. மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாள். "பூவ மோந்துகினே நில்லு, பட்டறைல வேற ஆள வச்சிக்கப் போறான்" என்பாள். ஆனால் மூக்கு என்று எடுத்துக்கொண்டால் அவள் மூக்குதான் மூக்கு. சரக்கெடுக்கப் போகும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மூட்டையைப் பிரித்ததும் ஒரு கருவாட்டைக் கழுத்தருகே ஒடித்து முகர்வாள். வெயில் போதாமல் காய்ந்ததா, மழையில் நனைந்து மறுபடி காய்ந்ததா, உப்பு குறைவா, எல்லாம் அந்த ஒரு மூச்சில் சொல்லிவிடுவாள். எந்த வியாபாரியும் அவளிடம் வாலாட்ட மாட்டான்.

எங்களுக்குள் சண்டை என்றால் மீன் கழுவிய தண்ணீரால்தான். அதை ஊற்றினால் செடி பூத்துத் தள்ளும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அவளும் வாளியோடு மாடியேறி வருவாள். வாசனைச் செடிக்குக் கீழே மீன் நாற்றமா என்று விரட்டிவிடுவேன். அதிலும் மனோரஞ்சிதம் இருந்த நீல டிரம் பக்கம் அவளை விட்டதே இல்லை. நாலு வருஷமாக ஒரு பூகூடப் பூக்காமல் வெறும் இலையாக நின்ற செடி அது.

போன வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. தானாகத் திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் யாரிடமும் மூச்சுவிடாமல் கடைக்குப் போனாள். அடுத்த வாரம், வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண் நெத்திலிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மெல்லத் திருப்பி வைத்தாளாம். "கோச்சிக்காதக்கா, ஒரு மாதிரி கீது. கொயந்திங்க துன்றது." அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மூக்கு இல்லாம நா இன்னாய்யா வியாபாரம் பண்றது?" என்றாள்.

மறுநாள் தனக்கு மூக்காக என்னைக் காசிமேட்டுக்கு அழைத்துப்போனாள். மூட்டை மூட்டையாக முகர்ந்தேன். எனக்கு எல்லாக் கருவாடும் ஒரே நாற்றம். "உன் மூக்கு பூவுக்குத்தான்யா லாயக்கு" என்று மூன்றாம் நாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். கண்ணுக்கு நன்றாக இருப்பதை வாங்கி, பயந்து பயந்து விற்றாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் மாடியில்தான் இருந்தது. தினமும் காலையில் அவளை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாக நீட்டினேன். மரிக்கொழுந்தைக் கசக்கி, பன்னீர் ரோஜாவைப் பிய்த்து, முல்லையைக் கை நிறைய அள்ளி. "சும்மா காத்துதான் வர்து" என்பாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள், "ஆங், லேசா வர்துய்யா" என்றாள். மறுநாளும் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பட்டறைக்காரன் புத்தி, அளந்து பார்க்காமல் எதையும் நம்பாது. பக்கத்து வீட்டில் நாலு கனகாம்பரம் வாங்கிவந்து நீட்டினேன்.

ஆழமாக இழுத்தாள். "நல்லா கீது வாசன" என்றாள்.

அளந்து பார்த்திருக்க வேண்டாம். எனக்காகத்தான் இரண்டு நாளும் சொல்லியிருக்கிறாள். பூவை அவள் மடியில் போட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் போலத் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் திறந்து மடியைப் பார்த்திருப்பாள். அதன்பிறகு நான் பூ நீட்டவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை. பட்டறையிலிருந்து வந்து மாடி ஏறினேன். கடைசிப் படியிலேயே கால் நின்றுவிட்டது. பலாப்பழமும் அன்னாசியும் ஒன்றாக நறுக்கி வைத்தது போல ஒரு மணம், மாடி முழுக்க. நீல டிரம்மில் மனோரஞ்சிதத்தின் இலைகளை விலக்கித் தேடினேன். இலையோடு இலையாக, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டு ஒரே ஒரு பூ. இந்தச் சின்னதிலிருந்தா இவ்வளவும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

மனசு கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன். மனசில் எந்த வாசனையை நினைத்து முகர்கிறோமோ, மனோரஞ்சிதத்தில் அந்த வாசனையே வரும் என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

"எத்த நென்ச்சாலுமா?"

"எத்த வேணா நென்ச்சிக்கோ."

கண்ணை மூடிக்கொண்டு டிரம்மின் மேல் குனிந்தாள். புருவம் சுருங்கியது.

"மீனு வர்துய்யா."

"வஞ்சிரம் நென்ச்சிக்கினியா?"

"மல்லிப்பூதான் நென்ச்சேன். மீனுதான் வர்து. கப்பு தாங்கல."

நானும் குனிந்தேன். பூவின் மணத்தில் மயங்கி நான் கவனிக்கவே இல்லை. டிரம்மில் மண் ஈரமாக இருந்தது. அதிலிருந்து சந்தேகமில்லாமல் மீன் தண்ணீர் நாற்றம்.

"ஊத்துனியா?"

"மூணு மாசமா ஊத்துறேன், காலைல நீ வூட்ட வுட்டு போனதும். இன்னிக்கி லேட்டாயிடிச்சி, இப்போதான் ஊத்துனேன்."

அப்படியானால் மீன் தண்ணீர் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, என் திருப்திக்கு மறுபடி ஒரு பொய்யா? பூவைப் பறித்து அவள் மூக்கருகே நீட்டினேன்.

மூன்று தடவை இழுத்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதுல ஒண்ணும் வர்லய்யா," என்றாள் மெதுவாக. "நீ நாலு வருசமா பாத்துகினு இருந்த பூவு. ஆனா வர்ல."

பொய் சொல்வதென்றால் இதற்கல்லவா சொல்லியிருப்பாள். அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். பூவும் கையுமாக நானும் பின்னாலேயே போனேன்.

சமையலறையில் கருவாட்டு டப்பாவைத் திறந்தாள். காசிமேட்டில் நான் முகர்ந்து பார்த்து, நல்ல சரக்கு என்று சொல்லி வாங்கிய வாளைக் கருவாடு அதில் இருந்தது. ஒன்றை எடுத்துக் கழுத்தருகே ஒடித்தாள். மூக்கில் வைத்து ஒரே ஒரு மூச்சு.

"மயைல நனஞ்ச சரக்குய்யா இது," என்றாள். "தூக்கிப் போடு."