கதிர்வேல் வீட்டு ஆலங்கொம்பு

சிங்காநல்லூரில் மோட்டாருக்குள் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கதிர்வேல், பட்டறைச் சுவரில் காக்கை எச்சத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி எறிய மனசில்லாமல், வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தின் ஓரத்தில் நட்டு வைத்தார். எதிரில் செம்புக் கம்பிக் கடை வைத்திருக்கும் நான்தான் முதலில் கிண்டல் செய்தேன்.

"ஏண்ணா, வேர் வந்து காம்பவுண்டைத் தூக்கிப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

"தூக்குனா மறுக்காக் கட்டிக்கலாங்க பாய்."

மனுஷன் அப்படித்தான். எதற்கும் அசர மாட்டார். யாருடைய மோட்டாராவது எரிந்து வந்தால் மட்டும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இருபது வருஷத்தில் மரம் பந்தல் போட்டது போல விரிந்துவிட்டது. பழம் பழுத்தால் மைனா, குயில், குக்குறுவான், அணில் என்று ஒரே கும்மாளம். கதிர்வேல் மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். நிழலுக்கு ஆசைப்பட்டு ஸ்கூட்டரை அங்கே நிறுத்தும் நான், சீட்டில் விழுந்த எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

மரத்துக்கு வம்பு கல்யாணங்களால் வந்தது. கதிர்வேலின் சனத்தில் கல்யாணம் என்றால் முதலில் முகூர்த்தக்கால் ஊன்ற வேண்டும். அதற்குப் பால் வடியும் மரத்தில் மூன்றாகப் பிரிந்த கொம்பு வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஆலும் அரசும் போய் எல்லாம் வீட்டு சைட் ஆகிவிட்டதால், கல்யாணம் வைத்தவர்கள் எல்லாரும் அரிவாளோடு இங்கே வந்து நிற்பார்கள். நல்ல காரியத்துக்கு எப்படி இல்லை என்பது? கதிர்வேல் வெட்டக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

போன வைகாசியில் அவர் மகள் ரித்திகாவுக்கே கல்யாணம். கால் ஊன்றும் அன்று காலையில் ஏணி வைத்து ஏறியவர், முகம் தொங்கிப்போய் இறங்கினார். ஏணிக்கு எட்டும் உயரத்தில் மூன்றாகப் பிரிந்த கொம்பு ஒன்றுதான் மிச்சம். அதில் பச்சைப்புறா கூடு கட்டி, ரெண்டு குஞ்சு பொரித்திருந்தது.

அவர் மனைவி ராசாத்தாள் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துப்போட்டு, இப்ப நம்ம புள்ளைக்கு இல்லீங்களா?"

கேட்டதில் தப்பே இல்லை. சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர் செங்கோட்டையன் வெள்ளகோவிலில் இருந்து வந்து காத்திருந்தார். "நல்ல நேரம் போய்ட்டிருக்குதுங்க" என்றார். வேறு மரம் தேடிப் போகவும் நேரமில்லை. கதிர்வேல் அரிவாளோடு மறுபடி ஏறினார். தாய்ப்புறா எழுந்திருக்கவே இல்லை. அவர் அரிவாளை ஓங்குவதும் இறக்குவதுமாக இருந்தார். ஒன்று வெட்டு, இல்லை இறங்கு என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

"அப்பா, எறங்குங்க" என்று ரித்திகா வெளியே வந்தாள். நேராக அருமைக்காரரிடம் போனாள். "ஏனுங்க பெரியப்பா, பால் மரத்துக் கொம்பை மண்ணுல ஊனோணும், அவ்வளவுதானுங்களே? இது ஊனியே நிக்குதுங்க. மூணு கொம்பும் மேல இருக்குதுங்க."

பெரியவர் மீசையைத் தடவினார். மேலே பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார்.

"அந்த மஞ்சத்துணியை எடுங்க" என்றார். நவதானிய முடிச்சையும் மாவிலையையும் அடிமரத்தில் வைத்துக் கட்டினார். சொந்தத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "கட்டுனவன் நானுங்க. கேக்கறவங்க எங்கிட்டக் கேளுங்க" என்று அவர் நிமிர்ந்தபோது, மேலிருந்து அவர் துண்டிலேயே எச்சம் விழுந்தது. ராசாத்தாள் உட்பட அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கல்யாணத்தில் கதிர்வேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொடுமுடியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் காரில் ஏறும்போது ரித்திகா, "குஞ்சு பறந்தா போன் பண்ணுங்கப்பா" என்றாள். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த வாரம் மத்தியானம், முகமெல்லாம் பல்லாக, போனைக் காதில் வைத்தபடியே என் கடைக்குள் வந்தார்.

"ரெண்டும் பறந்துடுச்சு கண்ணு! ஒண்ணு தாயிக்கு முந்தியே போயிருச்சு! இப்பப் போய்ப் பாத்தேன், கூடு காலியா..." என்றவர் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டார். கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"அப்பா? ஏனுங்கப்பா?" என்று போனில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் வாங்கிப் பேசினேன். "ஒண்ணுமில்ல அம்மணி. அப்பா சந்தோஷமா இருக்காரு. நாளைக்கு ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போ."