கமராவுக்கு முன்னால் மூச்சுப் பயிற்சி

"அப்பாவுக்குக் கை ஓங்கிப்போட்டன், பிள்ளை. அடிக்கேல்லை. அடுத்த முறை அடிச்சுப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு."

நான் ஆலோசகராக இருக்கும் உளவளத்துணை நிலையத்துக்கு வந்த அன்று கமலாவதியக்கா முதலில் சொன்னது இதுதான். அவருடைய சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

இணுவிலில் அவருடைய வீடு. பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனின் கட்டில் ஹோலில் கிடக்கிறது. அதற்கு நேர் மேலே ஒரு கமரா. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஜெயசுதன் போன விடுமுறையில் வந்து பொருத்திவிட்டுப் போனது. அங்கே தம்பி வேலை முடிந்து படுக்கையில் சாயும் நேரம், இங்கே தகப்பனுக்குக் கஞ்சி பருக்கும் நேரம். கமராவில் பார்த்தபடியே அக்காவுக்குப் போன் எடுப்பார். தலையணையை உயர்த்து, ஃபானைக் குறை, கஞ்சி ஆறிவிட்டதா என்று பார்.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. உளநெருக்கீட்டைத் தாங்கும் ஆற்றலை வளர்ப்பது பற்றி ஒரு முழுப் பாடமே படித்தவள். அதிலிருந்து மூச்சுப் பயிற்சியை எடுத்துக் கொடுத்தேன். கஞ்சி பருக்குவதற்கு முன் கண்ணை மூடிச் சற்று நேரம் இருக்கச் சொன்னேன்.

அடுத்த கிழமை அக்கா வந்தது என்னை ஏசத்தான்.

"கண்ணை மூடினதுதான், உடனை போன். 'என்னக்கா, விடிஞ்சும் நித்திரையே? அப்பாவுக்குப் பசிக்குமெல்லே' எண்டு கேக்கிறான். இனி மூச்சு விடவும் உவனைக் கேக்கோணும்."

"கமராவை நிப்பாட்டேலாதோ அக்கா?"

"நிப்பாட்டினால் சொந்தமெல்லாம் படலைக்கு வந்து நிக்கும். போனமுறை கறண்ட் போய்க் கமரா நிண்டதுக்கே மாமா ஓட்டோ பிடிச்சு வந்தவர்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. தம்பி மேல், மாமா மேல், எல்லாவற்றையும்விட என் பாடக்குறிப்புகள் மேல். இந்த மனுசியிடம் இன்னும் எவ்வளவு பொறுமையைத்தான் வளர்க்கச் சொல்வது?

"எந்த நேரம் தம்பி எடுத்தால் உங்களுக்கு ஏலும்?" என்று கேட்டேன்.

"உதை ஒருத்தரும் கேக்கேல்லை." யோசித்தார். "பின்னேரம். அப்பா தேத்தண்ணி குடிச்சாப் பிறகு."

அதைச் சொல்லிப் பழகினோம். நான்தான் தம்பி. முதலில் "குறை நினையாதை ராசா" என்று தொடங்கினார். அடுத்த தரம் அழுதார். பிறகு, "நீங்களும் உவனை மாதிரியே கதைக்கிறியள்" என்று சிரித்தார். கடைசியில் ஒருவழியாக வந்தது: "காலமை நான் போன் எடுக்கமாட்டன். பின்னேரம் ஐஞ்சுக்கு எடு."

வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் விட்டார். தம்பி நிலையத்துக்கே போன் எடுத்தார்.

"என்ரை அக்காவுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்? நீங்கள் படிச்ச பிள்ளையோ?"

அது எனக்கு உறைத்தது. ஒரு குடும்பத்தைக் குழப்பிவிட்டேனோ என்று அடுத்த முறை அக்கா வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி இப்பவும் காலமை போன் எடுக்கிறவன்தான்" என்றார் அக்கா. "நேற்று அப்பா கஞ்சியை என்ரை முகத்திலை துப்பினவர். போன் அடிச்சுக்கொண்டு கிடந்தது. நான் எடுக்கேல்லை. முகத்தைத் துடைச்சுப்போட்டு, 'வேண்டாமெண்டால் தலையாட்டுங்கோவன் அப்பா' எண்டன். ஆட்டினார். கோப்பையை மூடி வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் முத்தத்திலை நடந்தன். பிறகு வந்து பருக்கினன், குடிச்சார்."

"கை ஓங்கேல்லையோ?"

"ஓங்கேல்லை" என்றார். "நாளைக்கு எப்பிடியோ தெரியாது, பிள்ளை."

எனக்கும் தெரியவில்லை. அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன்.