மலைக்கு வந்த வகுப்பு

காலை பதினொரு மணி இருக்கும். பனி விலகி ஏழாம் நம்பர் மலையில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. முதுகில் பாதி நிறைந்த கூடையோடு நிமிர்ந்தேன். கொஞ்சம் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக இருபது பிள்ளைகள். பள்ளிக்கூட உடுப்பு. எல்லாரும் குனிந்து செடியில் எதையோ தொட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக நின்றவள் என் மகள். காலையில் நான் கட்டிவிட்ட நீல ரிப்பன் அங்கிருந்தே தெரிந்தது. பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாமி சிரித்தார். "என்னாடி, ஒம்மக இப்பவே பேரு பதிய வந்துட்டாளா? கங்காணிகிட்டச் சொல்லி நல்ல நெரையா வாங்கிக் குடு." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பேர் பதிவது என்றால், தோட்டத்து ஆபிஸ் புத்தகத்தில் தொழிலாளியாகப் பெயர் ஏறுவது. ஏறிவிட்டால் காலத்துக்கும் மலைதான். என் அம்மாவின் பேர் ஏறியது, பிறகு என் பேர் ஏறியது. மகளின் பேர் மட்டும் ஏறக் கூடாது என்று அவள் வயிற்றில் இருக்கும்போதே நினைத்துக்கொண்டவள் நான். அதற்குத்தான் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அந்தப் பள்ளிக்கூடமே அவளை மலைக்குக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தது.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். டயகம பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு நியமனம் கிடைத்து வருகிறவர்கள் குளிருக்குப் பயந்து சீக்கிரமே இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார்கள். இவர் வருடக்கணக்காக இருந்தார். வகுப்பில் சரியான கண்டிப்பு. முதல் இரண்டு பாடமும் பழைய முறைதான். வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொல்ல வேண்டும். பழம் பாட்டுகளைச் சீர் பிரித்து, பொருள் சொல்லி, ராகத்தோடு ஒப்பிக்க வேண்டும். என் மகள் மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் ஒப்பிப்பாள், குடம் நிரம்பி வழிவது தெரியாமல். அதுவரைக்கும் டீச்சர் எனக்குத் தெய்வம்.

மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவார் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் நாங்கள் வேறு மலைகளில் நிற்போம். பாட்டில் வந்த கொக்கை ஆற்றோரம் தேடிப் போவார்களாம். வாய்ப்பாட்டில் சொன்ன கணக்கை மரங்களை எண்ணிச் சரி பார்ப்பார்களாம். "பாடமாக்கினதை ஒருக்கா கண்ணால பாத்திட வேணும், இல்லாட்டி அது வாயோட நிண்டிடும்" என்று டீச்சர் அடிக்கடி சொல்வாராம். இதெல்லாம் மகள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் கூடினோம். "மழையிலயும் அட்டைக் கடியிலயும் நிக்கிறது நம்ம தலையோட போகட்டும்" என்றார் ஒருவர். "கொழுந்துக்கு ஆள் கொறஞ்சிருச்சில்ல, அதான் யாழ்ப்பாணத்துல இருந்து ஆள் வந்து பழக்குறாங்க" என்றார் மாமி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சரிடமே போய்க் கேட்போம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. நுவரெலியா கல்வி ஆபிசுக்குப் புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதுவது என்று முடிவாயிற்று. எழுத நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் தாளை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியிருந்தேன். லயத்தில் யாருக்குக் கடிதம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். "எங்கள் பிள்ளைகளைத் தேயிலை மலையில் இறக்கித் தொழில் பழக்குகிறார்" என்று எழுதினேன். "நல்லா சுருக்குன்னு எழுதியிருக்கா" என்று மாமி பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கொஞ்ச நாளில் நுவரெலியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். இனிமேல் பாடம் சுவருக்குள்தான் என்று சொல்லிப் போனார்கள். தவணை முடிவில் டீச்சருக்கு மாற்றம் வந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். நான் மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"பெட்டிசத்தைப் பள்ளிக்கூட அதிபர் எனக்குக் காட்டினவர். மகளுக்குக் காய்ச்சல் எண்டு நீங்கள் எழுதி அனுப்பின கடிதத்தில இருந்த அதே வடிவான எழுத்து. எங்க படிச்சனீங்கள்?"

"சீனி சுத்துன பேப்பர்லதாங்க டீச்சர்."

சிரித்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நான் தேயிலைப் பூவைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தன், அம்மா. பூவுக்கு ஒவ்வொரு பருவத்திலயும் ஒரு பேர் இருக்கு. அங்க ஒரே செடியில எல்லாப் பருவமும் நிண்டுது. எனக்குப் பூ மட்டும்தான் தெரிஞ்சது. உங்களுக்கு அந்த மலை என்னெண்டு நான் யோசிக்கேல்ல. முதல்ல உங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அது என்ர பிழை."

எங்களுக்குப் பூத்த தேயிலை என்றால் கவ்வாத்து வெட்டாமல், கவனிக்காமல் விட்ட தேயிலை. அதைப் பார்க்க யாராவது பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள் என்று எப்படி நினைப்போம். 'நாங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் டீச்சர்' என்பது வாய் வரை வந்தது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

மகள் படித்தாள். கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பேர் பதியவில்லை, நான் கேட்டது கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இப்போது மாடிக் கட்டடமும் மதிலும் பூட்டிய கேட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் திரையில் பூ பார்க்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு மகள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குறுக்குப் பாதையில் நடந்தோம். ஓரச் செடி ஒன்று பூத்திருந்தது. நின்று, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "அரும்பு, மொட்டு, முகை, மலர்" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"அப்பறம்?"

"மொத்தம் ஏழும்மா. மத்த மூணும் எனக்குத் தெரியாது."

வகுப்பு பாதியில் நின்றதால்தானே என்று நினைத்தேன். இத்தனை வருடம் வைத்திருந்ததைப் பாதையிலேயே நின்று சொன்னேன். "அந்தப் பெட்டிசம் எழுதுனது நாந்தான்."

"தெரியும்மா. என் தமிழ்க் கொப்பியிலதான தாள் கிழிச்ச. அடுத்த நாள் டீச்சர் கொப்பியக் கேட்டாங்க. கிழிஞ்ச எடத்தப் பாத்து எதுக்குன்னு கேப்பாங்களேன்னு, வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்னு பொய் சொன்னேன். கொப்பி கொண்டு வராதவங்க வெளிய வரக் கூடாதுன்னு என்னைய மட்டும் வகுப்புலயே ஒக்கார வச்சிட்டாங்க. அன்னிக்குத்தான் பூவோட மத்த மூணு பேரும் சொல்லிக் குடுத்தாங்களாம்."

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.