அந்த மூஞ்சி யாருக்குச் சொந்தம்?

நீங்கள் மறக்க நினைக்கிற உங்கள் கல்யாணம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் போனில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

சரிதாவுக்கு அதுதான் நடந்தது. திண்டிவனத்தில் வேலை முடிந்து செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்த பெண் சட்டென்று நிறுத்தினாள். போனைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். "இது நீங்கதானே? சூப்பரா இருக்கீங்க!"

நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், வெட்கச் சிரிப்பு... சரிதாவேதான், செஞ்சி பியூட்டி பார்லர் ஒன்றின் விளம்பரத்தில். அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிற்காமல் முறிந்துபோனது விளம்பரத்துக்கு எப்படித் தெரியும்?

இறங்கியவள் நேராக மலரின் பியூட்டி பார்லருக்கு வந்தாள். அவளுக்கு மணப்பெண் மேக்கப் போட்டது மலர்தான். நானும் அங்கே இருந்தேன் – ஃபேஷியல் பூசிய முகத்தோடு, வாயைத் திறக்க முடியாமல். (அபூர்வமான காட்சி என்பார் என் வீட்டுக்காரர்!)

"இன்னாக்கா இது? யாரக் கேட்டு எம் போட்டோவப் போட்டீங்க?"

மலர் திகைத்துப்போனாள். "நான் போட்ட மேக்கப்புதானே? அதப் பாத்துதான் ஆளுங்களே வர்றாங்க..."

சத்தம் கேட்டு அடுத்த கடை போட்டோகிராபர் குமார் எட்டிப் பார்த்தார். "படம் நான் எடுத்தது. என்னியும்தான் யாரும் கேக்கல."

"சரி, மேக்கப்பு அக்காவுது. படம் உங்குளுது. மூஞ்சி?" என்றாள் சரிதா.

மலர் போனைக் கையில் எடுத்தாள்.

மலர் கெட்டவள் இல்லை. உடனே படத்தை நீக்கிவிட்டாள். ஆனால், வேறு ஊர் பார்லர் ஒன்று ஏற்கெனவே அதை எடுத்து, தன் கடைப் பெயரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: "நெட்ல கிடைச்சது மேடம்."

போனில் கிடைத்தால் பொதுச்சொத்தா? வேலி இல்லை என்பதற்காக அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை – வேர்க்கடலைதான் – பிடுங்குவோமா?

முகத்தைக் கழுவிக்கொண்டு, விழுப்புரத்தில் வக்கீலாக இருக்கும் என் நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"போட்டோகிராபருக்குக் காசு குடுத்து வரச்சொன்னது யாரு அண்ணி?"

"பொண்ணோட அப்பா."

"வேற ஒப்பந்தம் எதுவும் இல்லன்னா காப்பிரைட் அவருக்குத்தான். விளம்பரம் வர்ற ஆப்லயே அவரப் புகார் குடுக்கச் சொல்லுங்க. அப்புறம், படம் யாருதா இருந்தாலும், விளம்பரத்துல போடறதுக்கு அந்தப் பொண்ணு சம்மதிக்கணும். அதையும் எழுதுங்க."

குமாரின் முகம் சுருங்கியது. சரிதாவின் முகம் அதைவிட. வீட்டுக்குத் திரும்பிவந்த நாளிலிருந்து அப்பா – அவளுக்கு நைனா – அவளிடம் முகம்கொடுத்துப் பேசியதே இல்லையாம்.

நான்தான் அவரைக் கூப்பிட்டேன். கழனியிலிருந்து கால் சேறுகூடக் காயாமல் வண்டியில் வந்து இறங்கினார். போனில் சிரித்துக்கொண்டிருந்த மகளை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா பண்ணணும்?"

குமாரே புகாரை டைப் அடித்துக் கொடுத்தார். "எத அமுக்கணும்?" என்று கேட்டு, பெரியவர் அழுத்தி அமுக்கினார். பிறகு மலரிடம் திரும்பினார். "கேமராக்காரர நான் கூப்டது எங்க வூட்டு ஆல்பத்துக்கும்மா. கடைக்கு இல்ல."

மலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடி மகளிடம் கேட்டார். "சாப்டியா?"

சரிதா இல்லையென்று தலையாட்டினாள்.

"வா."

எதிர் ஹோட்டலுக்குள் இருவரும் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். சில நாளில் அந்த வேறு ஊர் பார்லர் ஓட்டிய படமும் காணாமல் போனது.

இப்போதெல்லாம் மலர் கேட்காமல் எதையும் போடுவதில்லை. நேற்று ஒரு புதுப்பெண் தாராளமாகச் சம்மதித்தாளாம் – ஒரே ஒரு நிபந்தனையோடு.

"எங்க மாமியார் நிக்கற பக்கத்த மட்டும் வெட்டிடுங்கக்கா!"